தேர்தல் முடிவை ஏற்க முடியாவிட்டால் அடுத்து எங்கே போவது? கென்யாவை வைத்து ஓர் ஒப்பீடு

அதிபர் தேர்தலின் முடிவை அறிவித்துவிட்டார்கள். தோற்றதாகச் சொல்லப்பட்டவர், "நான் தோற்கவில்லை, எண்ணிக்கையில் மோசடி நடந்திருக்கிறது" என்கிறார். அவர் முன்னே இருக்கும் வழிகள் அதிகமில்லை. ஆதரவாளர்களைத் தெருவுக்கு அழைக்கலாம். எதிராளியோடு உட்கார்ந்து பேசி அதிகாரத்தில் பங்கு வாங்கலாம். நீதிமன்றம் போகலாம். சந்தேகம் தீராவிட்டாலும் முடிவை ஏற்றுக்கொண்டு ஒதுங்கலாம்.

இந்த வழிகளையெல்லாம் ஒரே நாட்டில், பெரும்பாலும் ஒரே மனிதர் முயன்று பார்த்திருக்கிறார். அதனால்தான் கென்யாவை எடுத்துக்கொள்கிறேன். ராயிலா ஒடிங்கா 1997, 2007, 2013, 2017, 2022 என ஐந்து முறை அதிபர் பதவிக்கு நின்றார். கடைசி நான்கு முறையும் அறிவிக்கப்பட்ட முடிவை எதிர்த்தார். ஒரு முறைகூட அதிபராகவில்லை. 2025 அக்டோபரில், சிகிச்சைக்காக வந்திருந்த கேரளத்தில் காலமானார். அவர் போன வழிகள் ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விட்டன என்று பார்த்தாலே, மற்ற நாடுகளில் நடந்தவற்றை எடைபோடுவது எளிதாகிவிடும்.

முதலில் ஒரு கேள்வி: 2007ல் அவர் ஏன் நீதிமன்றம் போகவில்லை? அந்தத் தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். வழக்குப் போட்டிருந்தால் இவ்வளவு நடந்திருக்குமா என்று தூரத்திலிருந்து கேட்பது சுலபம். ஆனால் கென்யாவின் பழைய தேர்தல் வழக்குகளைப் பார்த்தால் அவருடைய முடிவு புரியும். 1992 தேர்தலை எதிர்த்து வழக்குப் போட்டவர் கென்னத் மடிபா. விசாரணையில்லாத சிறைவாசத்தின்போது பக்கவாதம் வந்து, கையெழுத்துப் போட முடியாத நிலையில் இருந்தவர் அவர். சட்டப்படி அதிகாரம் பெற்ற அவருடைய மனைவி மனுவில் கையெழுத்திட்டார். வேட்பாளரே கையெழுத்திடவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். 1997 முடிவை எதிர்த்து வழக்குப் போட்டவர் ம்வாய் கிபாகி. மனுவின் நகலை அதிபர் டேனியல் அரப் மோயின் கையில் நேரில் கொடுக்கவில்லை என்ற காரணத்தால் அதுவும் தள்ளுபடியானது. பதவியில் இருக்கும் அதிபரை, அதுவும் மோய் போன்ற ஒருவரை, சுற்றி நிற்கும் காவலைத் தாண்டிப் போய் யார் கையில் காகிதத்தைத் திணிப்பது? இரண்டு வழக்கிலும் ஓட்டு எண்ணிக்கை சரியா தவறா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் போகவே இல்லை.

அதே கிபாகிதான் 2007ல் பதவியில் இருந்தார். நீதிபதிகளில் பலர் அவர் நியமித்தவர்கள். டிசம்பர் 27 அன்று வாக்குப்பதிவு. முதலில் முன்னிலையில் இருந்த ஒடிங்கா, எண்ணிக்கை நீள நீளப் பின்தங்கினார். 30ஆம் தேதி மாலை, சுமார் 2,30,000 ஓட்டு வித்தியாசத்தில் கிபாகி வென்றதாக அறிவிப்பு வந்தது. ஒரு மணி நேரத்துக்குள், பொழுது சாயும் வேளையில், அதிபர் மாளிகைக்குள்ளேயே அவசர அவசரமாகப் பதவிப் பிரமாணம் முடிந்துவிட்டது. சில நாள் கழித்து, கிபாகி உண்மையில் ஜெயித்தாரா என்று தனக்கே தெரியாது என்று தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டு பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

தெரு வழி எப்படிப் போகும் என்பதை அடுத்த இரண்டு மாதங்கள் காட்டின. கோபம் தேர்தல் ஆணையத்தின் மீது பாயவில்லை, அக்கம்பக்கத்தார் மீது பாய்ந்தது. ரிஃப்ட் பள்ளத்தாக்கில் நிலத்தைப் பற்றிய பழைய பகைகள் இதைச் சாக்காக வைத்து வெடித்தன. 2008 புத்தாண்டு நாளில் எல்டோரெட் அருகே கியாம்பா என்ற இடத்தில், தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்களை உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் கருகினார்கள். பின்னர் நைவாஷாவிலும் நகுருவிலும் பதிலடி. தேர்தலில் மோசடி நடந்ததா என்பதற்கும் அந்தக் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம்? எந்தத் தலைவரும் தெருவுக்கு ஆள் கூப்பிடும்போது இப்படி ஆகும் என்று நினைத்துக் கூப்பிடுவதில்லை. ஆனால் கூப்பிட்ட பிறகு நிறுத்தும் சுவிட்ச் அவர் கையில் இருப்பதில்லை.

அதை நிறுத்தியது பேச்சுவார்த்தை. ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் நைரோபியில் வாரக்கணக்கில் உட்கார்ந்து இரு தரப்பையும் இழுத்துப் பிடித்தார். பிப்ரவரி 28ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிபாகி அதிபர், ஒடிங்கா பிரதமர். பிரதமர் பதவி இதற்காகவே மீண்டும் உருவாக்கப்பட்டது. இரு தரப்புக்கும் இடம் கொடுக்க அமைச்சரவை சுமார் 40 பேராக வீங்கியது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி என்று சொல்ல ஆளே இல்லை.

அதிகாரப் பகிர்வைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கொலைகளை நிறுத்தியது, ஆகவே நல்லது என்பது ஒன்று. தோற்றவருக்கும் நாற்காலி கிடைத்தால் அப்புறம் தேர்தல் எதற்கு என்பது மற்றொன்று. கென்யாவில் இரண்டுமே உண்மை. கூடவே மூன்றாவதாக ஒன்றும் நடந்தது. அந்த ஒப்பந்தத்தின் கீழ்தான் தேர்தலை ஆராய தென்னாப்பிரிக்க நீதிபதி யோஹான் கிரீக்லர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஆவணங்கள் அவ்வளவு கெட்டுப்போயிருந்ததால், யார் வென்றார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்பதே அந்தக் குழு கண்டது. ஆகவே எதைச் சரிசெய்வது என்பது தெளிவானது. 2010 ஆகஸ்ட் பொதுவாக்கெடுப்பில் புதிய அரசியலமைப்பு நிறைவேறியது. அந்தக் கூட்டு அமைச்சரவை இல்லாமல் அது வந்திருக்காது என்பதே என் கணிப்பு.

இதே வழியில் போன வேறு நாடுகளுக்கு அந்த மூன்றாவது விஷயம் கிடைக்கவில்லை. 2008ல் ஜிம்பாப்வேயில் அதிபர் ராபர்ட் முகாபேயும் எதிர்க்கட்சித் தலைவர் மார்கன் ஸ்வாங்கிராயும் இப்படித்தான் அதிகாரத்தைப் பகிர்ந்தார்கள். போலீஸும் ராணுவமும் முகாபேயிடமே இருந்தன, 2013 தேர்தலோடு கூட்டு முடிந்தது. ஆப்கானிஸ்தானில் 2014ல் சுமார் 80 லட்சம் ஓட்டுகளையும் ஐ.நா. மேற்பார்வையில் மறுபரிசோதனை செய்தார்கள். கடைசியில் அஷ்ரஃப் கனி அதிபர், அப்துல்லா அப்துல்லா தலைமை நிர்வாகி என்று பேரம் முடிந்தது. வெற்றியாளரை அறிவித்த கூட்டத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கையே சொல்லவில்லை. அடுத்த தேர்தலுக்குப் பிறகு, 2020 மார்ச் 9 அன்று, காபூலில் அதே இருவரும் ஒரே நாளில் தனித்தனியாக அதிபர் பதவி ஏற்றார்கள். எண்ணிக்கையை மறைத்து வாங்கிய சமாதானம் அடுத்த தேர்தல்வரைதான் தாங்கியது.

சரி, நீதிமன்றம். கென்யாவின் 2010 அரசியலமைப்பு இதற்கென ஓர் உச்ச நீதிமன்றத்தை உருவாக்கியது. முடிவு அறிவித்த 7 நாளுக்குள் மனு. மனு வந்த 14 நாளுக்குள் தீர்ப்பு. தேர்தல் செல்லாது என்றால் 60 நாளுக்குள் மறுதேர்தல். வழக்கு முடியும்வரை புதிய அதிபர் பதவியேற்க முடியாது. ஏற்கும்போது மக்கள் முன்னிலையில் ஏற்க வேண்டும். பதவியேற்பு நேரம் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும் என்றுகூட ஒரு சட்டம் போட்டார்கள். 2007ன் அந்தி வேளை யாருக்கும் மறக்கவில்லை.

பதினான்கு நாள் என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால்தான் தெரியும். இலங்கையில் 1988 டிசம்பர் தேர்தலில் ரணசிங்க பிரேமதாசாவின் வெற்றியை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்க போட்ட மனு 1992ல்தான் தள்ளுபடியானது. ஆறாண்டுப் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் அதற்குள் போய்விட்டது. அப்படி ஒரு நேரத்தில் "தேர்தல் செல்லாது" என்று தீர்ப்பு எழுத எந்த நீதிபதிக்குத்தான் மனம் வரும்? கானாவில் 2012 டிசம்பர் தேர்தல் வழக்கு எட்டு மாதம் நடந்தது. ஆனால் விசாரணை முழுவதும் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. சாவடி வாரியாகப் படிவங்களை வைத்துக்கொண்டு வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டியதை நாடே பார்த்தது. தீர்ப்பு எதிராக வந்தபோது வழக்குப் போட்ட வேட்பாளர் நானா அகுஃபோ அட்டோ அதை ஏற்றுக்கொண்டார், 2016ல் நின்று ஜெயித்தார். நீண்ட வழக்கு எப்போதும் கேடு என்று சொல்ல முடியாது என்பதற்கு இது ஒன்று.

கென்யாவில் 14 நாளின் குறையும் உடனே தெரிந்தது. 2013ல் உஹுரு கென்யாட்டா 50.07 சதவீதத்தில் வென்றதாக அறிவித்தார்கள். இரண்டாம் சுற்றைத் தவிர்க்கத் தேவையான பாதிக்கு மேல், வெறும் சில ஆயிரம் ஓட்டு அதிகம். ஒடிங்கா தரப்பு கொண்டுவந்த கூடுதல் ஆதாரக் கட்டு தாமதம் என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆறு நீதிபதிகளும் ஒரே மனதாக மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஒடிங்கா தீர்ப்போடு உடன்படவில்லை, ஆனால் கட்டுப்படுகிறேன் என்றார். 2007 திரும்ப வரவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை மதிக்கிறேன்.

2017ல் அதே நீதிமன்றம் வேறு விதமாக நடந்தது. கென்யாட்டா 54 சதவீதம், ஒடிங்கா 45 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு என்று ஆணையம் அறிவித்தது. வெளிநாட்டுப் பார்வையாளர்கள் பலர் வாக்குப்பதிவைப் பாராட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையில் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆப்பிரிக்காவில் பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியை ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை.

எதனால் ரத்து செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கென்யாட்டா திருடினார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சாவடியிலிருந்து மையத்துக்கு முடிவு வந்த பாதை சட்டப்படி இல்லை என்றது. கென்யாவில் ஒவ்வொரு சாவடியிலும் எண்ணி முடித்ததும் படிவம் 34ஏ நிரப்புவார்கள். சாவடி அதிகாரியும் கட்சி முகவர்களும் கையெழுத்திடுவார்கள், முகவர்களுக்கு நகல் கிடைக்கும், ஒரு பிரதி வாசலில் ஒட்டப்படும், படம் எடுத்து மின்னணு வழியில் மேலே அனுப்பப்படும். 2017ல் ஆயிரக்கணக்கான சாவடிகளின் படிவங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஆணையம் வெற்றியாளரை அறிவித்துவிட்டது. தொகுதி அளவிலான படிவங்கள் சிலவற்றில் பாதுகாப்பு அடையாளங்களே இல்லை. சர்வரைத் திறந்து காட்டுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது, ஆணையம் சரியாகக் காட்டவில்லை. காட்டாததையே ஆணையத்துக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

2022ல் அதே படிவம் வேறு வேலை செய்தது. 46,000க்கும் மேற்பட்ட சாவடிகளின் 34ஏ படங்களை ஆணையம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டது. செய்தி நிறுவனங்கள் உட்கார்ந்து கூட்ட ஆரம்பித்தன, வீட்டிலிருந்தபடியே கூட்டியவர்களும் உண்டு. வில்லியம் ரூட்டோ 50.49 சதவீதம், ஒடிங்கா 48.85. முடிவை அறிவித்த போமாஸ் என்ற தேசிய எண்ணிக்கை மையத்தின் மேடையில் கைகலப்பு நடந்தது. ஏழு ஆணையர்களில் நான்கு பேர் வெளியேறி, இந்த முடிவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று: எல்லா வேட்பாளர்களின் சதவீதத்தையும் கூட்டினால் 100.01 வருகிறது, அந்த 0.01 என்பது சுமார் 1,42,000 ஓட்டு. பதிவான ஓட்டு சுமார் 1 கோடியே 42 லட்சம். அதில் 0.01 சதவீதம் 1,420தான். அதுவும் தசமத்தைச் சுருக்கியதால் வரும் வித்தியாசம். பெட்டிகள் சிலவற்றையும் சர்வர் பதிவுகளையும் நீதிமன்றமே பரிசோதிக்க வைத்தது. செப்டம்பர் 5ல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக மனுவைத் தள்ளினார்கள். தெருவில் கத்தினால் அந்த 1,42,000 ஒரு நிரந்தர வதந்தியாகியிருக்கும். நீதிமன்றத்தில் அது ஒரு கணக்குப் பிழையாக முடிந்தது.

ஆகவே என் தேர்வு நீதிமன்றம்தான். ஆனால் எந்த நீதிமன்றமும் போதும் என்று இல்லை. நீதிபதிகள் பதவியில் இருப்பவரின் ஆட்களாக இருந்தால் நீதிமன்றமே கலவரத்துக்குக் காரணமாகும். ஐவரி கோஸ்டில் 2010ல் தேர்தல் ஆணையம் அலாசான் ஔட்டாரா 54 சதவீதத்தில் வென்றதாகச் சொன்னது. அதிபர் லோரன் பாக்போவுக்கு நெருக்கமானவர் தலைமை வகித்த அரசியலமைப்பு மன்றம் வடக்கே பல பகுதிகளின் ஓட்டுகளை ரத்து செய்து, பாக்போவே வென்றார் என்று தீர்ப்புச் சொன்னது. இருவரும் பதவியேற்றார்கள். பாக்போ பிடிபட்ட 2011 ஏப்ரலுக்குள் சுமார் 3,000 பேர் இறந்திருந்தார்கள். வெனிசுவேலாவில் 2024ல் எதிர்க்கட்சி முகவர்கள் சாவடி அச்சுச் சீட்டுகளை அள்ளி எடுத்து 80 சதவீதத்துக்கு மேல் இணையத்தில் வெளியிட்டார்கள், அதில் அவர்கள் வேட்பாளர் மிகத் தெளிவாக முன்னிலையில் இருந்தார். உச்ச நீதிமன்றம் நிக்கோலஸ் மதுரோவின் வெற்றியை உறுதி செய்தது. காகிதம் கையில் இருந்தது, அதைப் படிக்கத் தயாரான நீதிபதி இல்லை. 2007 கென்யாவில் இரண்டுமே இல்லை.

அரசியல்வாதிகள் கூடி முடிவு செய்வது என்ற வழியும் இருக்கிறது, அமெரிக்கா 1877ல் செய்தது அதுதான். அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்களின் தேர்வாளர்கள்; அவர்களுடைய 20 ஓட்டுகள் தகராறில் இருந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பத்துப் பேர், நீதிபதிகள் ஐந்து பேர் கொண்ட குழு, கட்சி வாரியாக எட்டுக்கு ஏழு என்று பிரிந்து அத்தனையையும் ரதர்ஃபோர்டு ஹேயஸுக்குக் கொடுத்தது. மக்கள் ஓட்டில் முன்னிலையில் இருந்த சாமுவேல் டில்டன் தோற்றார். தெற்கில் இருந்த ராணுவப் பாதுகாப்பு விலகியது, விடுதலையான கறுப்பின மக்கள் பல தலைமுறைக்கு ஓட்டுரிமை இழந்தார்கள். பேரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பேச்சு மேசையில் இல்லவே இல்லை. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சந்தேகத்தோடு ஏற்றுக்கொள்வது என்ற நான்காவது வழியை 2000ல் அல் கோர் எடுத்தார், ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில். அதுகூட வழக்கு முடிந்த மறுநாள்தான். வழக்கே போடாமல் ஒதுங்குவது பெருந்தன்மை மாதிரித் தெரியும். ஆனால் அப்படி ஒதுங்கினால் ஆணையத்தின் தவறுகள் பதிவாகாமல் போய்விடும். கென்யா 2017ல் கற்றதுதான் 2022ன் இணையப் படிவங்கள்.

நீதிமன்ற வழியில் இன்னும் தீராத சிக்கல், தேர்தல் ரத்தானால் அடுத்து என்ன என்பது. கென்யாவில் 60 நாளுக்குள் அதே ஆணையமே மறுதேர்தல் நடத்த வேண்டியிருந்தது. ஒடிங்கா சீர்திருத்தம் கேட்டார், கிடைக்கவில்லை, அக்டோபர் 10ல் விலகினார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு துணைத் தலைமை நீதிபதியின் மெய்க்காப்பாளர் சுடப்பட்டார். மறுநாள் தேர்தலைத் தள்ளிவைக்கக் கோரிய மனுவைக் கேட்க ஐந்து நீதிபதிகள் தேவை, இரண்டு பேர்தான் வந்தார்கள். விசாரணையே நடக்கவில்லை. அக்டோபர் 26ல் கென்யாட்டா 98 சதவீதம் வாங்கினார், ஓட்டுப் போட்டவர்கள் 40 சதவீதத்துக்கும் குறைவு. கிசுமுவிலும் நைரோபியின் ஏழைக் குடியிருப்புகளிலும் போலீஸ் நடவடிக்கையில் பலர் இறந்தார்கள். 2018 ஜனவரியில் ஒடிங்கா உஹுரு பூங்காவில் "மக்கள் அதிபர்" என்று தானே பிரமாணம் எடுத்தார். மார்ச்சில் கென்யாட்டாவோடு கைகுலுக்கினார். வரலாற்றுச் சிறப்பான தீர்ப்பு வந்த ஆறே மாதத்தில் விஷயம் மறுபடி பேரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

மலாவி இதைச் சரியாகச் செய்தது. 2019 தேர்தலில் முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசி எண்களைத் திருத்தியிருந்தார்கள். வழக்கு முடிய மாதக்கணக்கில் ஆனது, அதற்குள் தெருவில் போராட்டம் ஓயவே இல்லை, அது உண்மை. 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத உடையோடு ராணுவப் பாதுகாப்பில் வந்து தேர்தலை ரத்து செய்தார்கள். அதோடு விடவில்லை. பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் வெற்றி என்றார்கள். ஆணையர்களின் தகுதியை நாடாளுமன்றம் ஆராயட்டும் என்றார்கள். மறுதேர்தலுக்கு 150 நாள் கொடுத்தார்கள். ஆணையத் தலைவர் ராஜினாமா செய்தார், புதியவர் வந்தார், ஜூன் 23ல் மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டார்கள். லாசரஸ் சக்வேரா 58 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், பீட்டர் முத்தாரிகா பதவி இழந்தார். ஆப்பிரிக்காவில் நீதிமன்றம் ரத்து செய்த தேர்தலில், மறுதேர்தல் மூலம் ஆட்சி மாறியது அங்கேதான் முதலில்.

ஒரு நாடு இன்று விதி எழுத உட்கார்ந்தால், மனு போடும் கெடுவும் பதவியேற்பைத் தள்ளிவைப்பதும் கென்யாவிடமிருந்து வரட்டும். தீர்ப்புக்கு 14 நாள் போதாது, ஒரு மாதம் கொடுக்கலாம். மறுதேர்தல் விதி மலாவியிடமிருந்து வரட்டும்: ரத்தான தேர்தலை நடத்தியவர்களே அடுத்ததை நடத்தக் கூடாது, அதற்கு வேண்டிய நாளை நீதிமன்றமே தீர்மானிக்கட்டும். சாவடிப் படிவத்தை அன்றிரவே இணையத்தில் போடுவது கட்டாயமாகட்டும். இந்த மூன்றும் வாக்குப்பதிவுக்கு முன்பே சட்டத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத நாட்டில் மோசடி என்று நம்பும் வேட்பாளர் ஒருவர் என்னிடம் கேட்டால், முகவர்களின் நகல்களைப் பத்திரப்படுத்தி வெளியிடுங்கள், வழக்கையும் போடுங்கள், ரத்தம் சிந்த ஆரம்பித்தால் உடனே பேச்சுக்குப் போங்கள் என்பேன். ஆனால் அந்தப் பேச்சில் அமைச்சர் பதவிக்கு முன்னால் ஆணையத்தையும் நீதிமன்றத்தையும் மாற்றும் உறுதியைக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.